கடற்கரை நீங்கலாக

மோர்ப்பண்ணைக் கரையில் செவ்வாய் இரவு
வலை பொத்திக்கொண்டிருந்த பிலவேந்திரனை
ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.
இன்று சனி.
ஸ்டேஷன் பதிவேட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை.

தொண்டியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் என் அலுவலகம்.
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிடும்.
எதிரே கித்தேரி.
முந்தானையில் முடிந்த ரேஷன் கார்டு நகல்,
கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த
அவன் பாதி.

"மனுவுக்கு என்ன பேரு?"
லத்தீனில் சொன்னேன். அர்த்தம் கேட்டாள்.
உடலைக் கொண்டு வா, என்றேன்
சட்டக் கல்லூரி ஞாபகத்தில்.

எழுந்து நின்றுவிட்டாள்.
இந்தக் கரையில் உடல் என்பது
மூன்றாம் நாள் கடல் தானாகக் கொடுப்பது.
ஊதிப்போய், மீன் கொத்தி,
அரைஞாண் கயிற்றை வைத்து
இன்னார் என்று சொல்வது.
"ஒடம்ப நான் ஏங் கேக்கணும்?
ஆளக் கேளு தாயி."

தமிழில் அப்படித்தான் இருக்கிறது என்று
விரல் வைத்துக் காட்டினேன்:
ஆட்கொணர்வு.
யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர், பெயர் தெரியாது,
உடலைத் தள்ளிவிட்டு
ஆளை வைத்திருக்கிறார்.
கித்தேரி உட்கார்ந்தாள்.

எண்ணூறு வருடத்துக்கு முன்
தேம்ஸ் ஓரத்து ஈரப் புல்வெளியில்
பிரபுக்கள் ஓர் அரசனை மடக்கினார்கள்.
சுதந்திர மனிதன் எவனையும்
நாட்டுச் சட்டப்படியன்றிப் பிடிக்கலாகாது:
முப்பத்தொன்பதாவது வாசகம்.
அரசன் கையெழுத்துப் போடவில்லை,
மெழுகில் முத்திரை அழுந்தியது.
வயலில் குனிந்திருந்த பண்ணையாள்
நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
அவன் எங்கே சுதந்திர மனிதன்?

அதை மடித்துப் பெட்டியில் வைத்து
அட்லாண்டிக் தாண்டினார்கள்.
ஆங்கிலேயனுக்கு உள்ளதெல்லாம் எங்களுக்கும் என்று
பேரன்மார் ஆங்கிலேயனிடமே கேட்டார்கள்.
தராதபோது சண்டையிட்டார்கள்.
ஜெயித்தபின் தங்கள் சாசனத்தில்
அந்த வரியைத் தைத்துக்கொண்டார்கள்.
அதே துறைமுகத்தில், அதே பலகை வழியே
சங்கிலியோடு இறங்கியவர்களை
வாசகம் எண்ணவில்லை.

அந்தக் கொடி கட்டிய கப்பல்கள்
நம் பக்கமும் வந்தன.
சாசனம் வரவில்லை.
உப்பு வரி வந்தது.
ரேகைச் சட்டம் வந்தது:
பொழுது சாய்ந்தால் ஆம்பளைகள்
ஸ்டேஷன் வாசலில் போய்ப் படு.

நாமே எழுத உட்கார்ந்தபோது
"முறையான" என்றொரு சொல்லை
அமெரிக்காவிலிருந்து எடுத்தார்கள்,
வைத்துப் பார்த்தார்கள், அடித்துவிட்டார்கள்.
முப்பது வருடம் போல ஆயிற்று,
நீதிமன்றம் அந்த அடித்தலுக்குக் கீழே
குனிந்து அதை வாசிக்க.

இதெல்லாம் நான் தட்டச்சு செய்தபடி நினைத்தது.
கித்தேரியிடம் சொன்னது ஒன்றுதான்.
அதே ஓலையில், ஆறு வாசகம் முன்னால், மீன் இருக்கிறது.
ஆற்றை மறித்து நட்ட மீன்வேலிகளை
நாடு முழுக்கப் பிடுங்கி எறிய வேண்டும்,
கடற்கரை நீங்கலாக.

"அப்பவே நம்மள விட்டுட்டானுகளா!"
நாலு நாளில் முதல் சிரிப்பு.
பாதியில் நின்றது.

அடையாளம் என்ற இடத்தில்
இடது புருவத்தில் தூண்டில் தழும்பு, என்று அடித்தேன்.
"கோவம் வந்தா இருமுவாரு. அதையும் போடு."
எந்த நீதிபதிக்கும் அது வேண்டாம்.
போட்டேன்.

மைத்தட்டில் கட்டைவிரலை உருட்டினாள்.
உப்பு அரித்த ரேகை, பாதிதான் விழுந்தது.
இன்னொரு முறை வைக்கவா என்றாள்.
வேண்டாம், அந்த அரசனுக்கு
இந்தப் பாதியும் விழவில்லை.

மதுரைக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கு.
மூன்றாம் பக்கத்தில் பிரிண்டர் மை தீர்ந்து
"ஆளை" என்ற இடம் வெளிறி வந்தது.
பேனாவால் அதன்மேல் எழுதினேன்.
அழுத்தி, அடுத்த தாளிலும் தடம் பதிகிற மாதிரி.